சேறு படிந்த திருவடி

பதினேழாம் நூற்றாண்டின் பரோக் காலத்து இத்தாலிய ஓவியர் ஒருவரின் கலை வளர்ச்சியை, அவர் தீட்டிய புனிதர்களின் கால்களைக் கொண்டே விளக்கிக் கட்டுரை எழுதினேன். இளமையில் அவர் வரைந்த புனிதர்களுக்குக் கால்களே தென்படா. அங்கியின் மடிப்புகள் மறைத்துவிடும். நடுவயதில் வெண்பளிங்கு போன்ற பாதங்கள் வெளிப்பட்டன. இறுதி ஓவியங்களிலோ, வெடித்துச் சேறு படிந்த உள்ளங்கால்கள் பார்ப்பவர் முகத்துக்கு நேரே நீள்கின்றன. அவற்றை மட்டும் ‘திருவடி’ என்று எழுதினேன்.

திருவரங்கத்திலிருந்து வெளிவரும் சிற்றிதழ் ஒன்றின் ஆசிரியர் என் நெடுநாள் நண்பர். கட்டுரையை அவருக்கு அனுப்பிவிட்டு, சில நாள் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றபோது, ‘திருவடி’ என்ற சொல்லின் அடியில் சிவப்புக் கோடு இட்டிருந்தார்.

“ஏன் ஸ்வாமி, திருவடிங்கறது பெருமாளுக்கும் ஆசார்யாளுக்கும் உள்ள வார்த்தை. சேத்துக் காலுக்குப் போடலாமோ? விட்டா அந்தப் புனிதர் நெத்தியில திருமண்ணும் இட்டுடுவீர் போலிருக்கே!”

“இட்டா நன்னாத்தான் இருக்கும். ஏகாதசிக்கு வெறுங்காலோட நடந்து வரவாளை நீர் விழுந்து சேவிக்கிறீரே, அது என்ன காலாம்?”

“அவா பெருமாளோட அடியார், பாகவதாள், ஓய்!”

“இவரும் அவரோட சாமிக்குப் பாகவதர்தான்.”

அவர் சிரித்தார், ஆயினும் இறங்கிவரவில்லை. ‘கால்’ என்று மாற்றினால் அடுத்த இதழிலேயே வரும் என்றார். மாற்றினால் போவது சொல் மட்டுமன்று, கட்டுரையே. சேற்றைத் தீட்டத் துணிந்த பின்னரே அவ்வோவியருக்குப் புனிதம் கைவந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. தாள்களை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

அக்கட்டுரை இன்னும் அச்சேறவில்லை. இப்போது அதே ஓவியர் தீட்டிய, நகக்கண்ணில் அழுக்கேறிய கைகளைப் பற்றி எழுதிவருகிறேன். ‘திருக்கரம்’ என்றே குறித்திருக்கிறேன். அதையும் அந்த நண்பருக்கே அனுப்புவேன்.