ஆறு போத்தல் பெற்றோல்

மோட்டார் வாகனம் என்றாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தவராசாவின் காரை நான் புகழ்ந்து எழுதும்போது, இவன் ஏதோ காருக்கு வால்பிடிக்கிறவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் மாட்டுவண்டிச் சவாரிக்காரன். முரசுமோட்டையில் வந்து அப்புத்துரை எங்கே என்று கேட்டால், வீட்டைக் காட்டமாட்டார்கள், மாட்டைத்தான் காட்டுவார்கள். சிவலை, மயிலை என்று என்னிடம் ஒரு சோடி நின்றது. வன்னியில் அவை ஓடாத சவாரித் திடல் இல்லை. ஓட்டத்தைத் தவிர அந்தச் சோடிக்கு வேறு வேலையும் இல்லை. கலப்பை தெரியாது, நெல் மூட்டை தெரியாது. பாரம் இழுத்த மாட்டுக்குக் கால் கனத்துவிடும், பிறகு அது திடலில் ஓடாது. சவாரிக்காரர் எல்லாருக்கும் இது தெரியும்.

தவராசா என் பக்கத்து வளவுக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். பரந்தன் கெமிக்கல் தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை செய்தவன். சண்டையால் தொழிற்சாலை நின்றதும் வீட்டோடு வந்து, தண்ணீர்ப் பம்புகளும் மோட்டார் சைக்கிள்களும் திருத்திப் பிழைத்தான். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். மனைவி இரஞ்சிதம் அவனுக்கும் சேர்த்துக் கதைப்பாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அவன் ஒரு கார் வாங்கினான். எங்கள் ஊரில் ஓடிய ஏ-40 போன்ற வாடகைக் கார் இல்லை. இரண்டே இரண்டு இருக்கை, கூரை கிடையாது, நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் சிவப்பு எம்.ஜி. ஓட்டப்போட்டிக்கென்று வெள்ளைக்காரன் செய்த வகை. கிளிநொச்சியில் இருந்த ஒரு டொக்டர் லண்டன் போகும்போது கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போனது. ஏழெட்டு வருடமாக அதற்குள் கோழிதான் அடைகாத்தது. தவராசா தன்னிடம் இருந்த நல்ல தண்ணீர்ப் பம்பைக் கொடுத்து, அதற்கு மாற்றாக இந்தக் காரை எடுத்து, ட்ராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

"பம்பைக் குடுத்துப்போட்டுக் கோழிக்கூட்டை வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறார் அண்ணை. நீங்களே கேளுங்கோ," என்று இரஞ்சிதம் வேலிக்கு மேலால் முறையிட்டாள்.

நான் கேட்டேன். "உதை வைச்சு என்னடாப்பா செய்யப்போறாய்?"

"ஓடப்போறன் அண்ணை."

"எதில ஓடப்போறாய்? கிணத்துத் தண்ணியிலயோ?"

அவன் சிரித்துவிட்டுக் கோழி எச்சத்தைச் சுரண்டத் தொடங்கினான்.

நான் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நாட்களில் வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை. எப்படியோ வந்து சேர்ந்த கொஞ்சமும் மருந்து அளவில்தான் கிடைத்தது. அதனால் காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் இஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. முதலில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வாகனக்காரன் ஒவ்வொருவனும் கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலில் அந்தச் சொட்டுப் பெற்றோலைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தான்.

தவராசா அந்தக் காரோடு கிடந்த இரண்டு வருடத்தையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான். ஏளனமாகத்தான் பார்த்தேன், ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் வரும் செப்புக் குழாயைப் புகைக் குழாயில் சுற்றிச் சுற்றி வளைத்தான். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் கொதித்துக்கொண்டு போய் இஞ்சினுக்குள் விழுமாம். ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் போத்தலைக் கழுவி இஞ்சினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, அதில் பெற்றோல் வார்த்து, அதன் குழாயில் ஒரு சின்னத் திருகு வைத்தான். திருகைத் திறந்தால் பெற்றோல், மூடினால் மண்ணெண்ணெய். வீதியெல்லாம் குண்டும் குழியும், காரோ தாழ்ந்தது. ஆகவே அச்சுக்கும் வில்லுத் தகட்டுக்கும் நடுவில் பாலை மரக் கட்டை சீவி வைத்து அதை உயர்த்தினான். அந்தக் கட்டையையும் கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரித்தான் செய்தான்.

"ஏன் கழட்டவேணும்?" என்று கேட்டேன்.

"நாளாந்தம் ஓட உயரம் வேணும் அண்ணை. திடலில ஓடேக்க பதிஞ்சு கிடக்கவேணும்."

திடல் என்ற சொல்லை ஒரு மோட்டார்க்காரன் வாயில் கேட்டதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எங்கள் திடலிலோ என்று கேட்டேன். ஓம் என்றான்.

கார் ஓடத் தொடங்கியது. பரந்தன் சந்திக்கு இரஞ்சிதத்தை ஏற்றிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது இருக்கைக்குப் பின்னால் நெல் மூட்டையும் தேங்காயும் கிடக்கும், காற்றில் அவளுடைய சேலைத் தலைப்புப் பறக்கும். சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என் மாட்டைப் பார்க்க வந்தவர்களும் வேலிக்கு மேலால் அவனுடைய வளவைத்தான் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பொறாமை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

தொண்ணூற்றைந்து சித்திரை வருடப்பிறப்புச் சவாரிக்கு நானே அவனை வம்புக்கு இழுத்தேன். கால் மைலுக்குக் கிட்ட, நானூறு யார் தூரம், என் சோடியும் அவன் காரும். ஒரு நிபந்தனையும் போட்டேன். என் மாடு நின்ற நிலையில் இருந்து பாயும்போது, அவன் இஞ்சினும் நிறுத்திய நிலையில் இருந்துதான் பற்ற வேண்டும். அவன் யோசிக்காமல் சம்மதித்தான்.

கொடி விழுந்தது. என் சோடி பாய்ந்தது. பின்னால் இஞ்சின் பற்றிய சத்தம் கேட்டது. பாதித் தூரம் போவதற்குள் அது என் பக்கத்தில் வந்துவிட்டது. சிவப்பு மூக்கை நான் கடைக்கண்ணால் கண்டேன். அப்போதுதான் அது இருமியது. கறுப்பும் வெள்ளையுமாகப் புகை கக்கியது. நடுத்திடலில் அப்படியே நின்றுவிட்டது. நான் கோடு தாண்டித் திரும்பிப் பார்த்தபோது சனம் கூவிக் கூவிச் சிரித்துக்கொண்டிருந்தது. தவராசா ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா நடந்தது?" என்று கிட்டப் போய்க் கேட்டேன்.

"திருகை மூடிப்போட்டன் அண்ணை. சூடேறமுந்தி மூடிப்போட்டன். கை தானாப் போயிட்டுது."

போத்தலில் பாதிப் பெற்றோல் அப்படியே கிடந்தது. தடை வந்த நாளில் இருந்து ஐந்து வருடமாகச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்த கை அது. ஓட்டத்தின் நடுவிலும் மிச்சம் பிடித்துவிட்டது. நான் சிரிக்கத்தான் போனேன், சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம். ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தக் கார் மண்ணெண்ணெய் வாடையே இல்லாமல் முழுப் பெற்றோலில் முழுத் தூரமும் ஓட வேண்டும். வேலைக்குக் காசு வாங்குவதை நிறுத்தினான். பம்பு திருத்தினாலும் மோட்டார் சைக்கிள் திருத்தினாலும், "ஒரு மூடி பெற்றோல் தாங்கோ, காணும்," என்பான். போத்தல் மூடியால் ஒரு மூடி. அதைச் சாராயப் போத்தலில் சேர்த்து, வாயை மெழுகால் அடைத்து, குசினிக்குப் பின்னால் ஈர மணலுக்குள் புதைத்து வைத்தான். இரஞ்சிதம் ஆறு மாதம் சண்டை பிடித்தாள். "பெற்றோலை ஊத்தியே சோறு காய்ச்சிறது?" என்று கேட்டாள். பிறகு ஒருநாள் பார்த்தால், கத்தரித் தோட்டம் போட்டு, காய் விற்று, அவளே அடுப்பெரிய வைத்துக்கொண்டிருந்தாள். அவனைவிட அவள்தான் அந்தப் போத்தல்களுக்குக் காவல்.

அடுத்த சித்திரையில் சவாரி நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து சனம் இடம்பெயர்ந்து வந்து வன்னி நிரம்பியிருந்தது, யாருக்கும் சவாரிக்கு மனம் இல்லை. ஆவணி முதல் ஞாயிறு வைப்போம் என்று பேசினோம். ஆனி மாதத்தில் ஆறாவது போத்தல் நிரம்பியது.

"வெல்லுறது தோக்கிறது வேறை கதை அண்ணை," என்றான் தவராசா. "அது உண்மையில எப்பிடிப்பட்டது எண்டு பாக்கவேணும். நானும் பாக்கேல்லை, நீங்களும் பாக்கேல்லை."

அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. அதற்கு அடுத்த நாள் காலை, பரீட்சை பார்ப்பதற்காக இரண்டு மூடி பெற்றோலை மட்டும் ஊற்றி இஞ்சினை முடுக்கினான். நான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் கேட்டுப் பழகிய இருமலும் தட்டலும் அதில் இல்லை. ஒரே சீரான, அடிவயிற்றில் இருந்து எழும்புகிற முழக்கம். கிணற்றுக் கட்டில் கை வைத்தேன், கல் அதிர்ந்தது. சிவலையும் மயிலையும் காதை நிமிர்த்தி அந்தப் பக்கம் திரும்பி நின்றன. ஒரு நிமிடம்கூட இராது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மாட்டுக்காரன் என்ற வீம்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது, இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்த ஏழை இயந்திரம் இரண்டு வருடம் நெல் மூட்டை சுமந்தது என்று நினைத்தேன். ஆவணி எப்போது வரும் என்று தவராசாவைவிட நான்தான் நாள் எண்ணினேன்.

ஆடியில் ஆனையிறவில் இருந்து ஆமி வெளிக்கிட்டுப் பரந்தன் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. விடிந்ததும் ஊர் கிளம்பியது. விசுவமடுப் பக்கம் போவதென்று எல்லாரும் முடிவு செய்தோம். என் மனைவி ஞானேஸ்வரியையும் சாமான்களையும் முதல் ட்ராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டு, நான் மாட்டோடு நடந்து வருவதாக நின்றேன். அப்போது மூன்றாம் வீட்டுப் பரமேஸ்வரன் ஓடிவந்து, "அண்ணை, சோடியை ஒருக்கா வண்டிலில பூட்டித் தாங்கோ, நெல்லு மூட்டை நாலு கிடக்கு," என்று கேட்டான். நான் மாட்டேன் என்றேன். ஷெல் விழுகிற நேரத்திலும் என் மாட்டின் கால்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாட்டை அவிழ்த்துக்கொண்டு படலைக்கு வந்தால், தவராசாவின் வாசலில் வரிசை. ஏ-40 கார்கள், மோட்டார் சைக்கிள்கள், லான்ட்மாஸ்டர் என்ற கை ட்ராக்டர்கள். எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் இருக்கிறது, பற்றவைக்கச் சொட்டுப் பெற்றோல் இல்லை. வாகனத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக்கின் வாசலில் நிற்கிறார்கள். தவராசா கையில் ஒரு ஊசிக் குழலோடு, மண் ஒட்டிய போத்தலின் மெழுகை உடைத்துத் திறந்து ஒவ்வொரு இஞ்சினுக்கும் வார்த்துக்கொண்டிருந்தான்.

"தவராசா, உனக்கு விசரே? அது ஆவணிக்கு எண்டெல்லே வைச்சனீ!" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எரியத்தானே அண்ணை சேர்த்தது," என்றான், தலையை நிமிர்த்தாமல்.

கஞ்சன் ஒருவன் கொடுப்பதுபோல் கொடுத்திருந்தால் இரண்டு போத்தலோடு முடிந்திருக்கும். அவன் அப்படிச் செய்யவில்லை. இஞ்சின் பற்றியதும் விட்டுவிடாமல், அதன்மேல் கையை வைத்து, சூடேறும்வரை பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே நின்றான். "அவசரப்படாதேங்கோ. இன்னும் கொஞ்சம். இப்ப மாத்தினா நடுறோட்டில நிண்டிடும்," என்று ஒவ்வொருவருக்கும் சொன்னான். "இனி நிப்பாட்டாதேங்கோ. வீட்டை போய்ச் சாமானை ஏத்தேக்கையும் இஞ்சின் ஓடட்டும்." இரஞ்சிதம் மணலைத் தோண்டி அடுத்தடுத்த போத்தலை எடுத்துக் கொடுத்தாள். பரமேஸ்வரன் எங்கிருந்தோ ஒரு பழைய லான்ட்மாஸ்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான், அதையும் பற்றவைத்தார்கள். எத்தனை வாகனம் என்று நான் எண்ணவில்லை. கைகால் விளங்காத தகப்பனை ஏற்றிக்கொண்டு கடைசியாக ஒரு மொறிஸ் கார் வந்தபோது, ஆறாவது போத்தலின் அடியில் கிடந்ததும் போனது.

அவர்கள் போன பிறகு தவராசா தன் காரின் திருகைத் திறந்து பார்த்தான். சேலைன் போத்தல் காய்ந்து கிடந்தது. அதில் கிடந்ததை முதலாவது ஆளுக்கே கொடுத்திருக்கிறான். இரஞ்சிதம் துணி மூட்டையோடு நின்றாள். ஷெல் சத்தம் கிட்ட வந்தது.

"நீங்கள் போங்கோ அண்ணை. நாங்கள் நடந்து வாறம்," என்றான். காரின் இஞ்சின் மூடியை உள்ளங்கையால் ஒருதரம் தடவினான்.

நான் திரும்பிப் போய் சவாரி வண்டிலில் இருந்த நுகத்தைக் கழற்றி எடுத்து வந்து சோடியைப் பூட்டினேன். நுகக் கயிற்றைக் காரின் முன் அச்சில் முடிந்தேன். அவன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"வேண்டாம் அண்ணை. பாரம் இழுத்தா பிறகு அது திடலில ஓடாது."

"வாயை மூடிக்கொண்டு ஏறடா," என்றேன்.

பாரம் என்றால் என்னவென்று அறியாத சோடி. முதலில் திகைத்து நின்றன, பிறகு கழுத்தைத் தாழ்த்தி இழுத்தன. கார் அசைந்தது. தவராசா ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் இரஞ்சிதம் மடியில் மூட்டையோடு. நான் மாட்டின் தலைப்பக்கம் நடந்தேன்.

கண்டாவளைப் பக்கம் பிரியும் சந்தியைத் தாண்டியதும் பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டது. காலையில் அவன் பற்றவைத்த வாகனங்கள், சாமானும் சனமுமாக ஒவ்வொன்றாக வந்தன. எங்களை முந்தும்போது சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் காரையும் மாட்டையும் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லாம் முந்திப் போயின. ஓடுவதற்கென்றே செய்த காரும் ஓடுவதற்கென்றே வளர்த்த மாடும் அன்றைக்கு அந்தத் தெருவில் கடைசி.

தவராசா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஏ-40 போனது, அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள், பரமேஸ்வரனின் லான்ட்மாஸ்டர், கடைசியாக அந்த மொறிஸ். அதன் சத்தமும் தருமபுரம் பக்கம் தேய்ந்து மறைந்த பிறகுதான் அவன் கண்ணைத் திறந்தான்.

"ஒண்டுகூட இடையில நிக்கேல்லை அண்ணை," என்றான்.