நடுவில் நின்ற குரல்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. அதை யாரும் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் நான் கத்துவேன். அதன் நான்கு கால்களுக்கும் தரையில் சிவப்பு மையால் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில் சரக்கு மூட்டைக்கு அடையாளம் போடுகிற மை, லேசில் அழியாது. வீடு பெருக்க வரும் அம்மாவுக்குக்கூட அது தெரியும். "இது ஐயாவோட சாமி இருக்க இடம்லா" என்று சொல்லி, துடைப்பத்தை அந்தக் கட்டங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு போவார்.

சாமியெல்லாம் இல்லை. எதிரே சுவரோரம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் எவ்வளவு தூரமோ, பெட்டிகளில் இருந்து நாற்காலிக்கும் அதே தூரம். அங்கே உட்கார்ந்து ஒரு நல்ல ரெக்கார்டைப் போட்டால், பாடுகிறவர் இரண்டு பெட்டியிலும் இருக்க மாட்டார். நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், சுவரில் காலண்டர் தொங்குகிறதே, அதற்கு நேராக வந்து நிற்பார். அவர் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்ந்தால் போச்சு, ஆள் பெட்டிக்குள் போய்விடுவார். எவ்வளவு நல்ல சாமான் வாங்கினாலும் அந்த இடம் ஒரே ஒரு ஆளுக்குத்தான். இதில் இறங்கும்போது அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சொந்தக்காரர்கள் எனக்கு வைத்திருக்கிற பேர் 'செட்டுக் கோட்டி'. பாட்டு செட்டு மேல் பைத்தியம் பிடித்தவன். நாசரேத்தில் இருந்து மச்சினன் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பான், "அத்தான், இது எத்தன வாட்ஸ்?" சொன்னால் முகம் சுருங்கிவிடும். "அவ்வளவுதானா? எங்க கோயில் அசன விருந்துக்கு லாரில ஏத்திட்டு வந்தாம்லா, பெட்டி ஒவ்வொண்ணும் பீரோ தண்டி! நெஞ்சு அப்படியே குதிக்கும் அத்தான்." அவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி ரெக்கார்டைப் போடுவேன். பல்லவி முடிவதற்குள் கண்ணைத் திறந்து, "பெட்ரோல் என்ன வெல விக்கி, பாத்தியளா" என்பான். கூறுகெட்ட பய.

ஆபீஸில் இருந்து ஒருத்தர் ஒருமுறை வந்தார். பாதிப் பாட்டு வரை அசையாமல் கேட்டார். ஆஹா, கிடைத்துவிட்டார் ஒரு ஆள் என்று எனக்கு மனசு பொங்கியது. அப்புறம் என் பக்கம் சாய்ந்து, "அண்ணாச்சி, இதுல போன் கனெக்ட் ஆகுமா?" என்றார். போனில் என்னைப் போன்றவர்களின் குழு ஒன்று வேறு இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர், சென்னைக்காரர் எல்லோரும் அதில் வயரைப் பற்றிச் சண்டை போடுவார்கள், நானும் போடுவேன். ஆனால் அவர்கள் யாரும் என் வீட்டுக்கு வந்ததில்லை. வயரைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. காலண்டருக்கு நேரே வந்து நிற்கிறாரே, அவரைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. ஒரு ஆள், ஒரு பாட்டு. ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஆமா, நானும் பாத்தேன்" என்று சொன்னால் போதும். இருபத்தேழு வருஷமாக அப்படி ஒரு ஆள் அமையவில்லை. சில நாள் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும், தெரிந்தும் திரும்புவேன். அந்த நேரம் ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

வீட்டில் பெண்டாட்டி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறாள். கல்யாணமான முதல் வருஷம் அவளைத்தான் முதலில் உட்கார வைத்தேன். பள்ளிக்கூட டீச்சர், பாவாடை கட்டின வயசில் இருந்து வேதக்கோயில் கொயரில் பாடுகிறவள். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு டேப் டெக்கும், ஆசாரியிடம் சொல்லிச் செய்த இரண்டு மரப்பெட்டியும். பாட்டு தொடங்கி நாலு வரி ஆகவில்லை, கண்ணை மூடியபடியே கூட முனக ஆரம்பித்துவிட்டாள். கொயர்க்காரிக்கு அது தன்னால் வருவது. ஒரு குரல் கேட்டால் அதோடு இழைந்து பாடுகிற இரண்டாங்குரல் தொண்டையில் வந்து நின்றுவிடும். எனக்கு வந்ததே கோபம்!

"ஏளா, பாடுததுக்கா ஒன்ன இங்கன உக்கார வச்சேன்? பாட்டு ஓடும்போது வாயத் தொறக்கக் கூடாது. கேளு!"

அவள் முகம் சிவந்துபோனது. "அடுப்புல பால் கெடக்கு" என்று எழுந்து போனாள். பிறகு அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை, நானும் கூப்பிடவில்லை. இவளுக்குக் காது இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் கொயரில் பாடுகிறவளுக்குக் காது இல்லையாம்! இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் எது கெட்டாலும் குற்றவாளி ஒருத்தர்தான், உப்புக்காத்து. கேட் துருப்பிடித்தால் உப்புக்காத்து, மிக்ஸி ஓடாவிட்டால் உப்புக்காத்து. வீட்டில் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால்கூட "உப்புக்காத்து பட்டிருக்கும்" என்று கிண்டல் செய்வோம். பாதி உண்மையும்தான். எங்கள் தெரு உப்பளத்துக்கும் துறைமுகம் போகிற ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்பீக்கர் வயரின் செம்பில் ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். திருகைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டுவேன். அதனால் போன வருஷம் வலப்பக்கம் மங்க ஆரம்பித்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. சனியன் பிடித்த காத்து என்று திட்டிக்கொண்டே உப்புத்தாளை எடுத்தேன்.

தேய்த்தும் சரியாகவில்லை. காலண்டருக்கு நேரே நின்றவர் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். முதலில் ஒரு விரல் அளவு, பிறகு ஒரு சாண். செட்டைச் சோதித்துப் பார்க்க என்னிடம் ஒரு பழைய ரெக்கார்டு உண்டு. ஒரு அம்மா பாடுவார், கூட ஒரு வீணை மட்டும். சரணத்துக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பது கேட்கும். அந்த மூச்சைக் கேட்கத்தான் நான் அந்த ரெக்கார்டையே போடுவேன். இப்போது அந்த மூச்சையும் காணோம்.

வயரை மாற்றினேன். அப்போதுதான் வலப்பக்க ஜன்னல் கண்ணில் பட்டது. அவள் புதுசாகத் திரை தைத்து மாட்டியிருந்தாள். கனமான துணி சத்தத்தைக் குடித்துவிடும். அகப்பட்டான் திருடன் என்று நினைத்தேன்.

"ஒரு வார்த்த கேட்டு மாட்டுனா என்ன? சத்தத்தப் பூராவும் இந்தத் துணி குடிக்கி!"

"வெயில் மூஞ்சில அடிக்கின்னு நீங்கதான கேட்டிய."

கேட்டது உண்மைதான். ஆனால் நான் திரையைக் கம்பியோடு பிடுங்கிக் கீழே போட்டேன். அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெயில் நேராக முகத்தில் அடிக்க, நான் உட்கார்ந்து ரெக்கார்டைப் போட்டேன். அந்த அம்மா இன்னும் இடப்பக்கம்தான் நின்றார்.

எங்களைப் போன்ற கோட்டிகளுக்கு ஒரு முறை உண்டு. ஒரு பக்கம் கோளாறு என்றால் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போட்டுப் பார்ப்போம். எந்தச் சாமான் கெட்டிருக்கிறதோ, அதோடு சேர்ந்து கோளாறும் மறுபக்கம் போய்விடும். வயரை இடம் வலம் மாற்றினேன், மங்கல் வலப்பக்கமே இருந்தது. பெட்டிகளைத் தூக்கி மாற்றி வைத்தேன், முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அப்படியானால் வயரும் இல்லை, பெட்டியும் இல்லை. அறையின் அந்தப் பக்கச் சுவரா?

அதையும் பார்த்துவிடலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கோயிலுக்குப் போன பிறகு, சிவப்புக் கட்டத்தில் இருந்து நாற்காலியைத் தூக்கி வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். பெட்டிகள் இப்போது என் முதுகுக்குப் பின்னால். சுவரில்தான் கோளாறு என்றால் மங்கல் இப்போது என் இடது கைப் பக்கம் வர வேண்டும். பாட்டு தொடங்கியது. மங்கல் என் வலது கைப் பக்கமே இருந்தது. நான் திரும்பியதும் அதுவும் என் கூடவே திரும்பியிருக்கிறது.

பாட்டு முடிந்து ரெக்கார்டு வெறுமே சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கையில் பைபிளோடு அவள் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன, வாசலப் பாத்து உக்காந்துருக்கிய? யாரும் வாராவளா?"

"யாரும் வரல" என்றேன்.

காது டாக்டரிடம் தனியாகப் போனேன். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டிக் கதவைச் சாத்தினார்கள். லாரிச் சத்தம் இல்லை, கப்பல் சங்கு இல்லை, பக்கத்து வீட்டு மிக்ஸி இல்லை. ஐயோ, இப்படி ஒரு அறை எனக்கு வாய்க்கவில்லையே என்று அந்த நேரத்திலும் ஆசைப்பட்டேன் என்றால் பாருங்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதுக்கு டக்கு டக்கென்று அழுத்தினேன். வலது காதுக்கு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தால், வெளியே இருந்த பெண் குனிந்து மும்முரமாகக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கோடு போட்ட ஒரு தாளைக் காட்டி விளக்க வந்தார்கள். எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. இதே மாதிரித் தாள் ஸ்பீக்கர் வாங்கும்போது கூடவே வரும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். வலது காதின் கோடு பாதியில் இருந்து சரிந்து கீழே கிடந்தது. இப்படி ஒரு கோடு உள்ள ஸ்பீக்கரை நான் கையால்கூடத் தொட மாட்டேன். நரம்பு தளர்ந்துவிட்டது, காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது, போனது போனதுதான் என்றார் டாக்டர்.

யாரிடம் சொல்ல? "அதான் இன்னொரு காது இருக்குல்லா, போதாதா?" என்பார்கள். ஒரு காது இருந்தால் பாட்டு கேட்கும், பேச்சு கேட்கும். ஆனால் அந்த நடு இருக்கிறதே, அது இரண்டு காதும் சேர்ந்தால்தான் உண்டாகும். என் வாழ்நாளில் நான் சம்பாதித்தது அந்த நடு ஒன்றுதான். அது போய்விட்டது என்று அழுதால் ஊர் சிரிக்காதா?

இரண்டு நாள் ஆபீஸுக்குப் போனேன், வந்தேன். மூன்றாம் நாள் மனசுக்குள் ஒரு நப்பாசை. அந்தத் தாள் தப்பாக இருந்தால்? செட்டில் நான் கவனிக்காத ஏதோ கோளாறு இருந்தால்? இன்னொரு ஆள் உட்கார்ந்து, "ஆமா, இடப்பக்கம்தான் சாயுது" என்று சொல்லிவிட்டால் போதும், நான் பிழைத்தேன். அதற்கு எனக்கு நல்ல காது ஒரு ஜோடி வேண்டும். அப்போதுதான் உறைத்தது. ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காது என் வீட்டு அடுக்களையில் சாயங்காலக் காப்பி போட்டுக்கொண்டிருந்தது.

"ஏளா, இங்கன கொஞ்சம் வந்து உக்காரு."

"நானா?" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் சிவப்புக் கட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டாள். "மை மேல கால் படலாமா?"

 படலாம் என்று தலையை ஆட்டினேன். உட்கார்ந்து கண்ணை மூடினாள். ரெக்கார்டைப் போட்டுவிட்டு, என் இடது காது அவள் பக்கம் இருக்கும்படி அவளுக்கு வலப்பக்கம் நின்றேன். வீணை முதலில் வந்தது, பிறகு அந்த அம்மா பாட ஆரம்பித்தார்.

"எங்கன நிக்காவ, சொல்லு."

இடது பக்கம் கையைக் காட்டு தாயே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் கண்ணைத் திறக்காமலே விரலை நேராக நீட்டினாள். "அந்தா, நேரா. காலண்டர் இருக்க இடத்துல." காலண்டரைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"மூச்சு கேக்கா?"

"ம். இப்பதான இழுத்தாவ. பக்கத்துல நின்னு இழுத்த மாரி இருந்துச்சு." சற்று நேரம் கேட்டுவிட்டு, "இதத்தான் இத்தன வருசமும் தனியா உக்காந்து கேட்டியளா?" என்றாள். பிறகு, "ஒங்களுக்கு எங்கன நிக்காவ?"

நான் கையைத் தூக்கி இடது பெட்டியைக் காட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள். அப்புறம் திரை இல்லாத ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்ப செட்டுல கோளாறு இல்ல."

"இல்ல. வலது காது போச்சு. டாக்டர் சொல்லிட்டாரு."

இன்னொரு காது இருக்கிறதே என்று அவள் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி கண்ணை மூடினாள். இரண்டாவது சரணம் வந்தது. அப்போது, மெல்ல, அடித்தொண்டையில் இருந்து ஒரு முனகல். இரண்டாங்குரல். ரெக்கார்டில் இருந்த அம்மா எனக்குத் துணி மூடினது போலக் கேட்டார், இது அப்படி இல்லை, என் நல்ல காதுக்குப் பக்கத்தில் அவ்வளவு தெளிவாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முனகல் சட்டென்று நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாடு" என்றேன்.

"பாட்டு ஓடும்போது வாயத் தொறக்கக் கூடாதுல்லா." குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. கேட் துருப்பிடிக்கும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

"பாடுளா. எனக்கு அதுதான் நல்லாக் கேக்கு."

"ஷ்ஷ். கேளுங்க" என்றாள்.

என் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு சத்தம் இல்லாமல், நான் ஆசைப்பட்ட மாதிரியே, பாட்டைக் கடைசி வரை கேட்டாள்.