முடியக்கா செய்ய மறுத்த விக்

நாடகக் கொட்டகையில் ஒப்பனை அறைக்கு அடுத்த சின்ன அறைதான் முடியக்காவின் ராஜ்ஜியம். மரத்தலைமேல் வலையை இழுத்து மாட்டி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிந்து விக் செய்வாள். ராணிக்கும் அவள்தான், ராட்சசிக்கும் அவள்தான். பன்னிரண்டு வருஷ வேலை. அதற்கு முன்னால் மனநல மருத்துவமனையில் பதினாலு மாதம் இருந்தது அவளுடைய அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் இயக்குநர் ஒரு பழைய நாடகத்தைக் கையில் எடுத்தார். கணவன் செத்த சேதி கேட்டு நாயகி பைத்தியமாகிறாள். அவள் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, ஐரோப்பாவின் பைத்தியக்கார விடுதிகளைக் காட்டும் பழங்கால ஓவியங்கள் அடங்கிய தடிப் புத்தகம் ஒன்றை விரித்தார். முடியக்கா நிதானமாகப் புரட்டினாள். சங்கிலியில் ஒரு கிழவன். வைக்கோல் கிரீடம் சூடி அரசனாக உட்கார்ந்திருக்கும் ஒருவன். கம்பிக்கு வெளியே வேடிக்கை பார்க்க வந்து, விசிறியால் வாயை மூடிச் சிரிக்கும் சீமாட்டிகள். கம்பிக்கு உள்ளே இருக்கும் பெண்கள் என்றால் எல்லாம் ஒரே அச்சு: விரித்த கூந்தல், நழுவிய உடை, வெறித்த கண்.

“இந்த மாதிரி இடுப்பு வரைக்கும் விரிஞ்சு கெடக்கணும்க்கா.”

“இப்படி யாரும் இருக்கறதில்ல சார்.”

“அந்தக் காலத்துல இப்படித்தானே வரைஞ்சிருக்காங்க, எழுதியிருக்காங்க?”

“எல்லாம் கம்பிக்கு வெளிய நின்னு வரைஞ்சது. உள்ள, பேன் புடிக்கும்னு முதல் நாளே ஒட்ட வெட்டிடுவாங்க. விரிக்கறதுக்கு முடி ஏது?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பதினாலு மாசம் உள்ள இருந்தேன்.”

மூலையில் நாடக உடைகள் தைத்துக்கொண்டிருந்த தையல்காரரின் மிஷின் நின்றது. இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இருந்தாலும், பைத்தியம்னா பாத்த உடனே தெரியணும்ல?”

“பன்னண்டு வருஷமா என்னப் பாக்கறீங்களே, தெரிஞ்சுதா? அந்த விக்க நான் செய்ய மாட்டேன்.”

வீட்டில் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “யாராவது கேட்டாங்களாடி? நீயா எதுக்குப் போட்டு உடைச்ச?”

“நான் என்ன திருடிட்டா வந்தேன், ஒளிஞ்சுக்கறதுக்கு?”

மறுநாள் அவள் மேஜையில் பெரிய கத்திரிக்கோலைக் காணோம். நேராகத் தையல்காரர் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, கத்திரிக்கோல்.”

“இல்லம்மா... சாணை புடிக்கலாம்னு...”

“நேத்து வரைக்கும் நல்லாத்தான வெட்டுச்சு. குடுங்க.”

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இயக்குநர் கேட்டதற்குப் பதிலாக அவள் செய்த விக்கில் நேர் வகிடு, இறுக்கிய கொண்டை, ஒரு முடி பிசகவில்லை. அளவு பார்க்க வந்த நாயகி நடிகை கேட்டாள்: “உங்களுக்கு அப்படி ஆனப்ப நீங்க என்னதான்க்கா பண்ணீங்க?”

“இஸ்திரி போட்டேன். ஒரே சட்டைய, காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும். மடிப்பு மட்டும் சரியா வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு இருந்துச்சு.”

நாயகி இயக்குநரிடம் அடம்பிடித்து ஒரு ஒத்திகை வாங்கினாள். அந்தக் கொண்டையோடு மேடையில் உட்கார்ந்து, செத்த கணவனின் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இயக்குநர் கை கட்டிப் பார்த்தார். “சரி, இப்படியே இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். முதல் காட்சியன்று, பைத்தியம் என்றாலே விசிலடிக்கும் பின்வரிசையில் ஒரு இருமல் மட்டும் கேட்டது.

ஆனால் பத்திரிகை விமர்சனம் வேறு மாதிரி வந்தது: ‘பைத்தியக்காரி பைத்தியக்காரி மாதிரியே இல்லை. ஒப்பனைப் பிரிவின் அலட்சியம்.’ முடியக்கா அதை வெட்டித் தன் கண்ணாடியில் ஒட்டினாள். புதிதாக வருகிற நடிகைகள் இது என்ன என்று கேட்பார்கள். அவள் ஊசியைக் கீழே வைக்காமலே முழுக்கதையும் சொல்வாள், பதினாலு மாதத்தையும் சேர்த்து.