பகலில் கதை சொல்லாதவள்

உத்திரமேரூர் பக்கம், படிப்பை விட்ட பிள்ளைகளுக்கான ஓரறைப் பள்ளியில் சில வருஷம் டீச்சராக இருந்தேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம்தான். வருஷக் கடைசியில் அதிகாரி வருவார். ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு கதை சொல்ல வேண்டும். சொன்னால் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. இல்லையென்றால் மறுபடி செங்கல் சூளைதான்.

நரியும் காக்காயும் வேண்டாம், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்று நச்சரித்து நச்சரித்து எல்லோர் வாயையும் திறக்க வைத்திருந்தேன். ஒருத்தி மட்டும் ம்ஹூம். அவள் அம்மா சூளை வேலைக்கு லாரி ஏறிப் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. வளர்த்த பெரியம்மா, அடுத்த லாரியில் இவளையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாள்.

படம் காட்டினேன், கெஞ்சினேன், கத்தினேன். அதிகாரி வர ஒரு நாள்தான் பாக்கி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று திட்டினேன். அப்போதுதான் முனகினாள். பகலில் கதை சொன்னால் வெளியூர் போனவர்கள் வழி தப்பிவிடுவார்களாம். பெரியம்மா சொல்லியிருக்கிறாள்.

"எங்கம்மா இன்னும் வரல டீச்சர்."

அதெல்லாம் சும்மா என்றேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? அவள் அம்மாவை நானா கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன்?

மறுநாள் அதிகாரி கூப்பிட்டதும் எழுந்தாள். வாசல் பக்கம் திரும்பி நின்று, ஒரு ஊரில் ஓர் அம்மா என்று தொடங்கினாள். அந்த அம்மா வாலாஜாபாத்தில் பஸ் மாறி, பாலாறு தாண்டி, காவாந்தண்டலம் தாண்டி, திருப்புலிவனம் கோயில் தெரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுகிறாள். இறங்கினால் கொடுக்காப்புளி மரம், பைப்பு, பச்சைக் கதவு. அம்மா தப்பிவிடக் கூடாதென்று வழியையே கதையாக்கிவிட்டாள், என் தங்கம்.

கதை முடியவில்லையே என்றார் அதிகாரி.

"வூடு வரிக்கும் சொல்ட்டேன் சார். அம்மா வந்தாத்தான் முடியும்."

இது கதையே இல்லை என்று எழுதிவிட்டார். வெட்கத்தை விட்டு அவர் ஜீப் வரைக்கும் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். மனுஷன் திரும்பிப் பார்க்கவில்லை.

லாரி வந்த அன்று ஓடினேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக் குனிந்தாள்.

"அந்தக் கதைய நீங்க டெய்லி சொல்லுங்க டீச்சர். எங்கம்மாவுக்கு. அப்பால எனக்கும்."