கண் அசைந்த பாறை

அண்ணன் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்ட அன்று நான் பத்தாம் வகுப்புக்கு விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதிய இடைவேளையில்தான் பார்த்தேன். கீழச்சிவல்பட்டிக்கு மேற்கே, அவர் வயலைத் தாண்டி இருக்கும் பாறைக் கரடு அது. மூன்று பனை உயரம்கூட இருக்காது. சாயங்கால வெயிலில் அதன் மேற்குச் சரிவு ஒரு முகமாகத் தெரிந்தது. பக்கவாட்டு முகம். புடைத்த நெற்றி, அதன் அடியில் ஆழமான ஒரு கண், நேராக இறங்கும் மூக்கு, இறுக மூடிய வாய். "ஆதி மனுசன் செதுக்குன சிலை. இத்தன நாளு நம்ம கண்ணுல படாம இருந்திருக்கு" என்று கீழே எழுதியிருந்தார்.

நான் அறிவியல் ஆசிரியை. சும்மா இருந்திருக்கலாம். "பாறைக்கு முகமெல்லாம் கிடையாது. எதைப் பார்த்தாலும் முகம் தேடுவது மூளையின் பழக்கம். இது வெயிலும் மழையும் செய்த வேலை" என்று எழுதி, சிரிக்கும் பொம்மை இரண்டு சேர்த்து அனுப்பினேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாகச் சிரித்தார்கள். அண்ணன் பதில் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து மதினி போன் செய்தார். "ஒங்க அண்ணன் சரியா சாப்பிடக்கூட இல்ல. இருவது வருசம் வெளிநாட்டுல கெடந்துட்டு வந்த மனுசன். வந்த நாள்லருந்து அவரா கண்டுபிடிச்சுச் சொன்ன மொத சங்கதி இதான். அதப் போயி கேலி பண்ணிட்டீக."

சனிக்கிழமை காரைக்குடி செக்காலையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மை. நேரில் போய்ப் பாறையைக் காட்டி, நான் சொன்னதுதான் சரி என்று அவர் வாயால் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்பது மீதிப் பாதி.

பங்குனி வெயில். நாலு மணிக்கு மேல் அண்ணனும் நானும் வரப்பு வழியாக நடந்தோம். கரட்டைச் சுற்றி மேற்குப் பக்கம் வந்ததும் நின்று, "பாரு" என்றார்.

போனில் பார்த்தது ஒன்றுமே இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிய முகம் இப்போது வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கண் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் வெயிலில் சிவந்திருக்க, அங்கே மட்டும் வெளிச்சம் போகவில்லை. என் கழுத்துக்குப் பின்னால் முடி சிலிர்த்தது. நிழல்தான், குழிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னது மூளைக்குப் போனது. உடம்புக்குப் போகவில்லை.

அடிவாரத்தில் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் பாறையில் கால் வைப்பதைப் பார்த்துவிட்டு, "அங்குட்டு ஏறாதீக" என்று சத்தம் கொடுத்தார். "வெயிலு சாஞ்சா அதுக்குக் கண்ணு அசையும். நான் பாத்துருக்கேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

கன்னத்தின் ஓரமாக நடக்கிற அகலத்துக்கு ஒரு விளிம்பு போனது. அண்ணன் முன்னால், நான் பின்னால். வலது பக்கம் பாறை, இடது பக்கம் சரிவு. மூக்குக்குக் கிட்டே வந்ததும் அவர் அதைத் தடவிக் காட்டினார். "இந்த நேர் கோட்டப் பாரு. மழ இப்புடி வெட்டுமா?"

"பாறை வெங்காயம் மாதிரி பொறை பொறையா உரியும்ணே. உரிஞ்ச பொறைக்கு அடியில காத்து இருக்கும். தட்டுனா சத்தமே சொல்லிரும்."

கீழே கிடந்த கல் ஒன்றை எடுத்தேன். நெற்றிக்கு அடியில் இருந்த பாறையில் ஓங்கித் தட்டினேன். டொங்கென்று, காலிப் பானையைத் தட்டியது போலக் கேட்டது. "கேட்டீகளா?" என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அப்போது கண் அசைந்தது.

நான் அதை மூன்று ஆள் தூரத்திலிருந்து பார்த்தேன். குழிக்குள் இருந்த அந்தக் கறுப்பு, மேலிருந்து கீழாக ஒரு அலையாக நெளிந்து, பளபளத்து, மறுபடியும் அடங்கியது. இமைத்த மாதிரியே இருந்தது. என் கையிலிருந்த கல் நழுவி விழுந்தது. படித்த படிப்பு, பதினெட்டு வருடம் பாடம் நடத்தியது எதுவும் அந்த நொடியில் என்னிடம் இல்லை. இது உயிரோடு இருக்கிறது, என்னைப் பார்த்துவிட்டது என்பது மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது அலையில்தான் சத்தம் கேட்டது. அண்ணன் எனக்கு முன்னால் புரிந்துகொண்டார். "தேனீ" என்றார், மெதுவாக. கண்குழியின் மேல்விளிம்பிலிருந்து ஒரு முறம் அளவுக்குத் தொங்கிய மலைத்தேனீக் கூடு அது. ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்த தேனீக்களைத்தான் நாங்கள் இருட்டு என்று நினைத்திருந்தோம்.

அந்தக் கறுப்பு அப்படியே கழன்று எங்கள் மேல் விழுந்தது.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவி என் தலையில் போட்டார். அது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு நான் ஓடினேன். வந்த விளிம்பில் எப்படி விழாமல் ஓடினேன் என்று தெரியாது. கையில், முதுகில், காது மடலில் ஊசி ஊசியாக இறங்கியது. துண்டுக்குள் ஒன்று புகுந்து காதுக்குள்ளேயே இரைந்தது. பின்னால் ஏதோ சரிந்து விழும் சத்தம். "ஏத்தா" என்று அண்ணன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. நான் நிற்கவில்லை.

கீழே ஆட்டுக்கார அம்மா என்னைப் பிடித்து உலுக்கினார். "அந்த ஆளு எங்க?" மேலே கையைக் காட்டினேன். அவர் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. காய்ந்த பனை ஓலையை அள்ளித் தீ வைத்து, மேலே பச்சைத் தழையைப் போட்டுப் புகைய விட்டு, அதைத் தூக்கிக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடி ஏறினார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடமா, கால் மணி நேரமா தெரியாது. அந்த நேரம் முழுக்க என்ன நினைத்தேன் என்றால், அண்ணன் செத்திருந்தால் மதினியிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றுதான்.

அண்ணன் அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். ஆனால் முகம் அவர் முகமாக இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. உதடு தடித்திருந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் விசில் மாதிரி சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு அர்த்தமானது. தேனீ விஷம் சிலருக்குத் தொண்டையை அடைக்கும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் போன் செய்ததும் மதினி பக்கத்து வீட்டாரின் காரோடு வந்தார். காரைக்குடி வரும் வரை அண்ணன் தலை என் மடியில் இருந்தது. அந்த விசில் சத்தம் இழுத்து இழுத்து வந்தது. இடையில் ஒருமுறை நின்றது. நான் என் மூச்சையும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி வந்தது. மதினி முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஒங்க தலையில மட்டும் எப்புடித் துண்டு இருக்கு?" என்று ஒருமுறை கேட்டார். அவர் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. குழப்பத்தில் கேட்டார். நான் துண்டை எடுத்து அண்ணன் தலைக்கு அடியில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஒரு நர்ஸ் அட்டையின் விளிம்பால் அவர் கழுத்திலிருந்து கொடுக்குகளை வழித்து எடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள்தான் அண்ணன் கண்ணைத் திறந்தார். முதலில் கேட்டது, "ஆட்டுக்கார அம்மாவுக்குக் கொட்டுச்சா?" அவருக்கும் நிறையக் கொட்டியிருந்தது. அவர் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு மறுநாளே ஆடு ஓட்டப் போய்விட்டார் என்று மதினி சொன்னார்.

அதற்குப் பிறகு பல மாதம் எனக்கு அந்தக் கண் வந்துகொண்டே இருந்தது. கரும்பலகையில் ஈரத்துணி உலர்ந்த தடத்தில், சுவரில் படிந்த பாசியில், காப்பி டம்ளரின் அடியில். மூளையின் பழக்கம் என்று நான் எழுதியது இப்போது என் மேலேயே வேலை செய்தது. வகுப்பில் மின்விசிறிச் சத்தம் கூடினால் போய் அதை அணைத்துவிடுவேன். பிள்ளைகள் வேர்க்கிறது என்று சொன்னாலும் போட மாட்டேன்.

ஆவணியில் அண்ணன் போன் செய்தார். "தேனீ எல்லாம் எடம் மாறிப் போயிருச்சு. வெறுங்கூடுதான் இருக்கு. ஒன்னு காட்டணும், வா." நான் மாட்டேன் என்றேன். மறுவாரமும் கூப்பிட்டார். மூன்றாவது தடவை போனேன்.

காலை நேரம். அந்த வெளிச்சத்தில் முகம் இல்லை, வெறும் பாறை. ஆனாலும் விளிம்பில் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அண்ணன் மூக்குக்குக் கிட்டே போய், அதன் ஓரத்தைக் காட்டினார். "அன்னைக்கி விழுந்து கெடந்தப்ப இது என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு."

கட்டைவிரல் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். ஒரே இடைவெளியில், ஒரே கோட்டில், மேலிருந்து கீழ்வரை. கல் உடைக்கிறவர்கள் ஆப்பு இறக்கிப் பிளப்பதற்காக உளியால் எடுக்கும் குழிகள். எந்தக் காலத்திலோ யாரோ இங்கே ஒரு பாளத்தைப் பிளந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். வீட்டுத் தூணுக்கோ, கோயில் படிக்கோ. எடுத்துப் போனதற்குப் பிறகு மிச்சம் நின்றதுதான் மூக்கு. நெற்றியும் கண்குழியும் தானாக உரிந்தவை.

"அப்ப செதுக்குனதுன்னு சொல்லலாமா, கூடாதா?" என்றார் அண்ணன்.

"மனுசன் கை பட்டிருக்கு. ஆனா முகம் செய்யணும்னு யாரும் நெனைக்கலண்ணே."

அவர் தலையசைத்தார். அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஒரு குழிக்குள் விரலை விட்டு மண்ணை நோண்டிக்கொண்டிருந்தார். நான் ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கி நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும். நீ திரும்பிப் பாத்தேல்ல. பாத்துட்டுத்தான் ஓடுன."

திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. எத்தனை தடவை யோசித்தும் இன்றுவரை வரவில்லை.

"நான் ஒன்னய ஓடத்தான் சொன்னேன்" என்றார் அவர். "பாதி வார்த்ததான் வாயில வந்துச்சு. அதுக்குள்ள நாக்கு தடிச்சுப்போச்சு."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இறங்கும்போது அவர் முன்னால் போனார். நான் கண்குழிப் பக்கம் பார்க்காமல், அவர் சட்டையின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.