சம்பந்தி வீட்டுப் பார்லி

போன சனிக்கிழமை மெல்பேர்னின் நோபல் பார்க்கிலிருந்து வடக்கே புறப்பட்ட எங்கள் காரில் மூன்று பேர் இருந்தோம். ஓட்டியவன் நான். பக்கத்தில் மனைவி சாந்தி. பின்னால் என் அண்ணர் ராசரத்தினம். அவருக்குப் பக்கத்தில், சீட் பெல்ட் கூடப் போடாமல், நான் சொன்ன பொய் ஒன்றும் உட்கார்ந்திருந்தது.

பெரிய பொய் இல்லை. ஒரே ஒரு சொல்தான். பார்லி.

என் மகள் அபிராமிக்கு வருகிற தையில் கலியாணம். மாப்பிள்ளை லூக், அவளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன். நல்ல பெடியன். சாந்தியின் மீன்குழம்பை மூக்கால் தண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு, 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்டவன். அவனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் வீட்டுத் தொழில்தான்…

பியர். மூன்று தலைமுறையாகப் பியர் காய்ச்சுகிற குடும்பம். நெடுஞ்சாலையை விட்டிறங்கி நெடுந்தூரம் போனால் வருகிற ஒரு சின்ன ஊரில் தாத்தா தொடங்கியது. இப்போது லூக்கின் அப்பா கிரஹாம் கணக்கு வழக்கைப் பார்க்கிறார். லூக்கின் தங்கை டெஸ் காய்ச்சுகிறாள். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பப்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். மெல்பேர்ன் கடைகளில் தேடினாலும் கிடைக்காது. நான் தேடினேன்!

எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அண்ணர் இருக்கிறாரே. கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். கலியாண வீடுகளில் ஆண்கள் கார் பார்க்கில் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு போத்தல் மாநாடு நடத்துவார்களே — அதைக் கலைப்பதற்கென்றே டோர்ச் லைட்டோடு போகிறவர். அவர் வராத கலியாணம் எங்கள் குடும்பத்தில் கலியாணம் இல்லை. அவர் ஒருநாள் கேட்டார்:

"பெடியன்ர தேப்பன் என்ன செய்யிறார்?"

எனக்குப் பயம் வந்தால் வாய் மூளையிடம் அனுமதி கேட்காது.

"பார்லி, அண்ணை."

"கமமோ?"

"ஓம்… அந்தப் பக்கம்தான்."

"நல்லது. மண்ணை நம்பின சனம்."

அதோடு விட்டிருக்கலாம். மனிதர் விடவில்லை. அடுத்த கிழமை ஃபோன். "எனக்குக் கால் வீங்குது. பார்லித் தண்ணி குடிக்கட்டாம். சம்பந்தியிட்டைச் சொல்லிக் கொஞ்சம் எடுத்துத் தாவன்." நான் டண்டினொங்கில் ஒரு கடையில் பார்லி வாங்கி, பாக்கெட்டை வெட்டி வேறு பையில் கொட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணர் குடித்துவிட்டுச் சொன்னார்: "கடைப் பார்லி மாதிரி இல்லையடா. தோட்டத்து ருசி தெரியுது."

இதற்கு மேல் உண்மையைச் சொல்ல எந்த மனிதனுக்கு மனம் வரும்?

போன மாதம் கிரஹாம் அழைத்தார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கமாம். மருமகளோ மருமகனோ யார் புதிதாக வந்தாலும், அந்த ஆளின் பெயரில் ஒரு புதுப் பியர் காய்ச்சுவார்களாம். தாத்தா கட்டியது ஐரிஷ்காரப் பெண்ணை. அவள் பெயரில் கறுப்பு பியர் 'டூலி'. கிரஹாமின் மனைவி இத்தாலியப் பரம்பரை. அவள் பெயரில் லாகர் என்ற வெளிர் பியர் 'ரிச்சி'. வருகிறவர்கள் பெயரை விட்டுவிட்டு வரவேண்டியதில்லை, அதைத் தகரப் பேணியில் போட்டு ஊர் முழுக்க வைத்திருப்போம் என்பது தாத்தாவின் எண்ணமாம். இப்போது எங்கள் முறை. இரண்டு குடும்பமும் கூடி, சாப்பிட்டு, முதல் பேணியைத் திறக்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வசதிதானே?

நான் "வொண்டர்ஃபுல்" என்றேன். ஃபோனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

அபிராமி! அம்பாளின் பெயர்! பியர்ப் பேணியில்! அதைக் குடித்துவிட்டு யாரோ கையால் நசுக்கி, மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியில் எறிவது வரைக்கும் என் கண்ணில் படமாக ஓடியது. அதற்குப் பின்னால் டோர்ச் லைட்டோடு அண்ணர். நெற்றியில் கையை வைத்தேன். சாந்தி பார்த்துவிட்டு, "கலியாணம் அவளுக்கு. காய்ச்சல் உங்களுக்கோ?" என்றாள்.

மகளுக்கு ஃபோன் போட்டேன்.

"அப்பா, ரிலாக்ஸ். நான் யோசிக்காமல் விடுவனே? ஃபெர்ஸ்ட் நேம் போடமாட்டினம். எப்பவும் ஃபமிலி நேம்தான்."

எனக்கு உயிர் திரும்ப வந்தது. ஃபமிலி நேம்! அலுவலகத்தில் எல்லோரும் என்னைக் கூப்பிடுகிற பெயர் — மிஸ்டர் சின்னத்தம்பி. அது என் அப்பாவின் பெயர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? வெளிநாடு வந்தபோது கேட்டார்கள். அப்பாவைத் தூக்கிப் பின்னால் போட்டோம். சின்னத்தம்பி என்ற பெயரில் கடவுள் யாரும் இல்லை. அப்பாவும் பின்னேரங்களில் பனங்கள்ளுக்கு ஒரு நடை போய் வந்தவர்தான். பெயரைப் போட்டதற்குக் கோபிக்க மாட்டார். ஒருவேளை ஏன் இவ்வளவு பிந்தியது என்று கேட்பார்.

ஒரு பிரச்சினை முடிந்தது. பின் சீட்டுப் பிரச்சினை? "பொம்பிளைப் பகுதியில மூத்த ஆள் நான் இல்லாமல் என்ன விருந்து?" என்று அண்ணர் தானாகவே வந்து ஏறிவிட்டார். வழியில் சொல்லிவிடுவது என்று திட்டம். முதல் பெற்றோல் ஸ்டேஷனில் சொல்லவில்லை. இரண்டாவதிலும் சொல்லவில்லை. மூன்றாவதில் அவருக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு போர்டு. அதில் 'ப்ரூவரி' என்று ஆளுயர எழுத்து. அண்ணருக்குக் கண்புரை ஆபரேஷன் அண்மையில்தான் நல்லபடியாக முடிந்திருந்தது.

"குணம்."

"அண்ணை?"

"பார்லி எண்டாய்."

"பார்லிதான் அண்ணை. கொஞ்சம் ஊற விட்டிருக்கினம்."

சாந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அண்ணர் கையைக் கட்டினார். "நான் இறங்கேல்லை. கலியாணத்துக்கும் என்னை எதிர்பாராதை."

போச்சு. சொல்லிவிட்டார். அப்போதுதான் அபி ஓடி வந்து பின் கதவைத் திறந்தாள்.

"பெரியப்பா, ஏன் வெயிலுக்க இருக்கிறியள்? வாங்கோ. உங்களுக்கெண்டு டெஸ் மரக்கறிச் சாப்பாடு தனியா வேற சட்டியில செய்தவ."

அண்ணர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இறங்கினார் — அவளுக்காக. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிலும் முட்டாமல், மியூசியத்துக்குள் போகிறவர் போல உள்ளே நடந்தார்.

உள்ளே ஹார்லிக்ஸ் வாசனை. பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் அது மோல்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் இனிப்பான ஒரு தண்ணீர். அதில் கசப்புக்கு ஹொப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். டெஸ் பெரிய ரப்பர் பூட்ஸோடு நின்று விளக்கினாள். வடித்த சக்கையைப் பக்கத்துப் பண்ணை மாடுகள் சாப்பிடுமாம். "மாடு தின்னுமோ?" என்று அண்ணர் முதல்முறையாக வாயைத் திறந்தார். நான் மூச்சு விட்டேன்.

சாப்பாடு முடிந்தது. கிரஹாம் எழுந்து இரண்டு வரி பேசினார். மேசை நடுவில் ஒரு துணி. அபியும் லூக்கும் அதை இழுத்தார்கள். வரிசையாகப் பச்சை நிறப் பேணிகள். அவற்றில் கொட்டை எழுத்தில்…

குணரத்தினம். கீழே சின்னதாகப் பியரின் வகை: பேல் ஏல்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையை மேலே கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தினேன். அது என் பெயர்! பிறகுதான் மண்டையில் ஏறியது. என் பின்னால் என் அப்பா நிற்கிறார். என் மகளின் பின்னால் நிற்பது நான். அபிராமி குணரத்தினம் — பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து நானே எழுதிக் கையெழுத்து வைத்த பெயர். தெய்வத்தின் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் கவலைப்பட்டவன், நடுவில் நின்ற தன்னை எண்ண மறந்துவிட்டேன்.

அண்ணர் ஒரு பேணியை எடுத்தார். ஆம், கையால்தான்! கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ஏச்சு வரப்போகிறது என்று நான் சாந்திக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எங்கட குடும்பத்தில மூத்தவன் ஆர்?"

"நீங்கள்தான் அண்ணை."

"அப்ப உன்ர பேரை என்னத்துக்குப் போட்டிருக்கினம்?"

கொள்கை என்பது நம் பெயர் எழுதப்படாத இடங்களில்தான் மிக உறுதியாக நிற்கிறது. அதை அன்று கண்டேன். குடும்பப் பெயர் விவகாரத்தை நான் விளக்க, அவர் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். குடிக்கவில்லை. ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் கீழேயும் வைக்கவில்லை.

பியர் எப்படியிருந்தது என்று கேட்கிறீர்களா? நான் கார் ஓட்ட வேண்டும் என்பதால் ஒரு மிடறுதான். லேசாகக் கசந்தது. 'உங்களைப் போல இல்லை, நல்லாயிருக்கு' என்றாள் சாந்தி.

திரும்பி வரும்போது காரில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். பொய் அங்கேயே இறங்கிவிட்டது. நெடுஞ்சாலையில் ஏறி வெகுநேரம் கழித்து, பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் பியர் காய்ச்சிற பிள்ளை, டெஸ்… கலியாணம் முடிச்சிட்டாவோ?"

"இல்லை. ஏன் அண்ணை?"

"எங்கட செந்தூரனுக்கும் வயது முப்பத்திநாலு ஆகுது. எத்தினை இடம் பார்த்தாச்சு… ஒண்டும் சரிவரேல்லை."

நானும் சாந்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செந்தூரன், அண்ணரின் ஒரே மகன். செந்தூரன் ராசரத்தினம். அடுத்த பேணியில் அண்ணரின் பெயர்!

"அண்ணை, அவை பியர்க் குடும்பமெல்லோ?"

"ஆர் சொன்னது? பார்லி எண்டு நீதானே சொன்னனி!"