எதிர்வீட்டில் இல்லாத சொல்

அப்பா நான்கு மொழிகளுக்குச் சேர்த்து ஒரே அகராதி எழுதிக்கொண்டிருந்தார். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு வேலை. எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு கிடையாது. அச்சுப் பிசகிய லேபிள் தாள்களைக் கொண்டுவந்து, வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று கட்டம் போட்டு வைத்திருப்பார். மலையாளத்துக்கு மணியாச்சி ஜங்ஷனில் ஒரு ரயில்வேக்காரர் இருந்தார். கன்னடத்துக்கு விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவார்.

"ஊரெல்லாம் பருத்தி எடுக்கப் போவுது, உங்கப்பா வார்த்தை எடுக்கப் போறாவ" என்பாள் அம்மா.

தெலுங்குக்கு மட்டும் தெருவைத் தாண்டினால் போதும். எதிர்வீட்டுக்காரர்கள் கரிசலில் பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரிகள். வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவார்கள். அந்த வீட்டுப் பெண் என் வகுப்பு. முழுப்பரீட்சை லீவில் தினமும் சாயங்காலம் அப்பா அவளை அழைத்து, எங்கள் வீட்டின் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தார். அது அப்பாவின் நாற்காலி. நான் அதில் ஏறினால் அதட்டு விழும். அவளை உட்கார்த்திவிட்டு அவர் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்கு ஒரு முறை இருந்தது. எந்தப் பொருளுக்கும் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார். சொன்னால் எதிராளி அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடுவார்களாம். பொருளைக் காட்டித்தான் கேட்பார். வீட்டில் பேசுகிறவர் வாயால் கேட்காத சொல்லை, எந்தப் புத்தகத்தில் இருந்தாலும், கட்டத்தில் ஏற்ற மாட்டார். பொருளைத் தூக்கிக் காட்டும் வேலை எனக்கு. வாய் திறக்கக் கூடாது. அரிசி புடைக்கும் சுளகைத் தூக்கிக்கொண்டு ஊமையாக நிற்பேன். அவள் காலை ஆட்டிக்கொண்டே "சேட்ட" என்பாள். அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். அவளுக்கு முழுக் கடலை மிட்டாய். பொட்டலத்தின் அடியில் கிடக்கும் தூள் எனக்கு.

எனக்கும் சுளகு தெரியும், உலக்கை தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவுக்கு முன்பே தெரியும். என்னிடம் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை. தெலுங்கு வீட்டில் பிறக்காமல் போனோமே என்று நான் உண்மையாகவே வருந்தினேன். அம்மாவிடம் ஒருநாள் கேட்டும்விட்டேன், நாம் ஏன் வெறும் தமிழாக இருக்கிறோம் என்று. அடுப்படியில் வேலையாக இருந்த அம்மா, தள்ளி நிற்கச் சொன்னாள்.

பொருள்கள் தீர்ந்து, லீவு முடியப்போகும் சமயம் மனசு சம்பந்தமான சொற்களுக்கு வந்தார் அப்பா. அவற்றைத் தூக்கிக் காட்ட முடியாது. கோபத்துக்கு அம்மாவைக் காட்டினார். விளக்கேற்றும் நேரத்தில் என்ன கூத்து என்று அவள் அப்போது கேட்டுக்கொண்டிருந்ததால் நடிக்க வேண்டியிருக்கவில்லை. பயத்துக்கு, நாய் துரத்துவதுபோல் தானே கூடத்தைச் சுற்றி ஓடிக் காட்டினார். எதிர்வீட்டுப் பெண் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த தாளை எடுத்தவர் சற்று யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவ மூஞ்சியப் பாரு தாயி. நீ வந்து ஒக்காந்த நாள்லேருந்து இப்படித்தான் நிக்கா. இதுக்கு உங்க வீட்ல என்ன சொல்லுவிய?"

அப்பா என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து எனக்கு நினைவில்லை. அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மனம் வரவில்லை.

அவள் கால் ஆட்டுவதை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். வாயிலிருந்த மிட்டாயை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"அது எங்க வீட்ல கெடையாது மாமா."

"கெடையாதா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நெசமாத்தான் மாமா. எங்க வீட்ல யாரும் அப்படி இருக்க மாட்டாவ. அதனால அதுக்கு ஒண்ணும் சொல்றதில்ல."

அப்பா அவளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அலமாரியில் பழைய தெலுங்கு அகராதி ஒன்று இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. தெலுங்குக் கட்டத்தில் ஒரு சிறு கோடு இழுத்துத் தாளை மடக்கி வைத்தார். அன்று எனக்கும் ஒரு முழு மிட்டாய் கிடைத்தது.

அந்த வீட்டில் அக்காளும் தங்கைகளும் ஒரு ரிப்பனுக்காகக் கட்டிப் புரளும் சத்தம் தினமும் எங்கள் வாசல் வரை கேட்கும். அன்றைக்கும் கேட்டது. மிட்டாயைத் தின்றுகொண்டே அந்தத் தெலுங்குச் சண்டையைக் கடைசிவரை கேட்டேன். அதில் எதுவும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது ஒன்றே ஒன்றுதான்: நாற்காலி அவளுக்கு, அப்பாவின் சாயங்காலங்கள் அவளுக்கு, போதாக்குறைக்கு, இப்படி ஒரு சொல்லே தேவைப்படாத வீடும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது.